பாடம்: நமது எஞ்சினின் சிலிண்டரை அறிந்துகொள்வோம்



இடம்பெயர்ந்து யட்டவத்தப் பகுதியில் மீண்டும் மரக்கறித் தோட்டம் தொடங்கும் குடும்பத்துக்கு நீரிறைக்கும் இயந்திரமே பெரிய முதல். அது நீலப்புகை கக்கி இழுவை குறைந்ததும், “சிலிண்டர் தேய்ந்துவிட்டது, புதிய எஞ்சின் வாங்குங்கள்” என்கிறார்கள். நாமும் கடன்படுகிறோம். அதற்குமுன் சிலவற்றை அறிவோம்.

எதனால் ஆனது?

பிஸ்டன் ஓடும் குழாயே சிலிண்டர். இதற்கு ஏற்றது வார்ப்பிரும்பு. அதனுள் காரீயத் துகள்கள் கலந்துள்ளன. அயலிலுள்ள குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹ சுரங்கத்தில் தோண்டும் அதே காரீயந்தான். அது வழுவழுப்பானது, உராய்வைக் குறைக்கும்.

அலுமினியம் பாரம் குறைந்தது, சூட்டை விரைவாக வெளியேற்றும், ஆனால் மென்மையானது. ஆகவே சிறிய எஞ்சின்கள் பலவற்றில் அலுமினிய உடலுக்குள் வார்ப்பிரும்பு உறை பொருத்துகிறார்கள். சிலவற்றில் உறை இல்லை. அலுமினியச் சுவர் மட்டும், அல்லது அதன்மேல் மெல்லிய உலோகப் பூச்சு.

எப்படிச் செய்கிறார்கள்?

வேகமாகச் சுழலும் அச்சினுள் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். பாரமான இரும்பு வெளிப்புறமாக நெருங்கிப் படியும். இலேசான கசடு உட்புறம் ஒதுங்கும். உட்புறத்தைக் கடைந்து கசடை நீக்கி, சாணைக்கல்லால் குறுக்குமறுக்காக நுண்ணிய கீறல் இடுவார்கள். ஒயில் தங்குவது அக்கீறல்களிலேதான். சென்னை செம்பியத்தில் 1949இல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ் நிறுவனம் பிஸ்டன்களுடன் இத்தகைய உறைகளையும் செய்துவருகிறது.

நாம் செய்யக்கூடியது

எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றியதும் சிலிண்டரின் உட்சுவரில் ஒரு காந்தத்தை வையுங்கள். உறுதியாகப் பற்றினால் வார்ப்பிரும்பு. அதைக் கடைந்து 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் பெருப்பித்து, அளவு கூடிய பிஸ்டனும் வளையங்களும் போடலாம். அவை கையில் கிடைத்தபின்னரே கடையக் கொடுங்கள். இரு சில்லு உழவு இயந்திரத்தின் டீசல் எஞ்சின்கள் பலவற்றில் உறையையே கழற்றி மாற்றலாம். காந்தம் பற்றாவிட்டால் கடைய விடாதீர்கள், பூச்சுப் போய்விடும்.

சிலிண்டரைத் தின்பது தூசியும் பழைய ஒயிலுமே. காற்று வடியைக் கழுவுங்கள். ஒயிலைக் காலத்துக்கு மாற்றுங்கள்.

கலந்துரையாட:

1. நமது எஞ்சினின் ஒயிலைக் கடைசியாக எப்போது மாற்றினோம்?

2. நமது சங்கம் ஒரு காந்தமும் அளவுகோலும் பொதுவில் வைத்திருக்க முடியாதா?