ஏழு நாள் கணக்கு

2020 ஜூலையில் எனக்கு இரண்டாவது பிரசவம். உத்திரமேரூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற கிராமம் எங்களுடையது. இதோடு போதும், பிள்ளை பிறந்த கையோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்வது என்று நானும் வீட்டுக்காரரும் முன்பே பேசி வைத்திருந்தோம். ஆனால் செக்கப்புக்குப் போனபோதெல்லாம் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

சுகப்பிரசவம். மறுநாள் கேட்டேன். "கொரோனாவால அவசர ஆபரேஷன் மட்டும்தாம்மா. ஆறு வாரம் கழிச்சு வா" என்றார்கள். பிரசவமான ஏழு நாளுக்குள் என்றால் கருப்பை இன்னும் மேலேயே இருக்கும், தொப்புள் அருகே சின்னக் கீறல் போதும். அது தவறினால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். இந்தக் கணக்கு எனக்கு அன்று தெரியாது.

ஆறு வாரம் கழித்து எப்படிப் போவது? பஸ் ஓடவில்லை. அம்மா வீடு மதுராந்தகம் பக்கம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகிவிட்டதால், இத்தனை கிட்டத்திலிருந்து வரவும் அம்மாவுக்கு இ-பாஸ் தேவைப்பட்டது. மூத்தவளை யாரிடம் விடுவது? செப்டம்பரில் பஸ் விட்டபோது அத்தை தடுத்தார். "பச்சை உடம்பு, ஆஸ்பத்திரிப் பக்கம் போவாத. பால் குடுக்குற வரைக்கும் ஒண்ணும் நிக்காது." அவர் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன், ஊரே பயந்து கிடந்த காலம். ஆனால் அந்தக் கடைசி வார்த்தையை நம்பியதுதான் பிசகு. குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமல், தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்காமல், மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. மறுபடி கரு நின்றபோது நான் கூழ் ஊட்டத் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது.

2022 ஜனவரியில் மூன்றாவது பிள்ளை. அவன் எங்கள் செல்லம், அதில் மாற்றமில்லை. ஆனால் ரத்தசோகையோடு அவனைச் சுமந்த மாதங்களை நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது. இந்த முறை மூன்றாம் நாளே ஆபரேஷன் முடிந்தது.

இப்போது எங்கள் தெருவில் யார் மாசமாக இருந்தாலும் போய்ச் சொல்கிறேன்: ஏழாம் மாதமே நர்சம்மாவிடம் பேசி, தாய் சேய் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். மூத்த பிள்ளையை அந்த வாரம் பார்த்துக்கொள்ள ஆளை இப்போதே பிடித்து வையுங்கள். கணவர் கையெழுத்துக்காகத் தயங்க வேண்டாம், சட்டப்படி உங்கள் சம்மதம் போதும். ஆபரேஷன் இல்லையென்று சொன்னால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். பிரசவமான 48 மணி நேரத்துக்குள் காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம். பால் கொடுக்கிறவர்களுக்கு ஆறு வாரத்துக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு அந்தரா ஊசி உண்டு. சாயா மாத்திரையும் உண்டு, முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. எல்லாமே அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

ஆண்களுக்கான வாசக்டமியை எங்கள் வீட்டில் அன்று யாரும் நினைத்தே பார்க்கவில்லை. தையல் கிடையாது, அன்றே வீடு திரும்பலாம், பிரசவ நாளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூன்று மாதம் மட்டும் ஆணுறை வேண்டும். ஆபரேஷன்கள் மறுபடி தொடங்கியதும் என் வீட்டுக்காரர் போயிருந்தால் பஸ்ஸுக்குக்கூடக் காத்திருந்திருக்க வேண்டாம், யாராவது ஓட்ட, பைக்கிலேயே போய் வந்திருப்பார்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு செக்கப்புக்குப் போனேன். அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். நர்சம்மா அட்டையை வாங்கி எழுதிக்கொண்டார். திரும்பி வரும் வழியில் அவள் கேட்டாள்: "அக்கா, அவருகிட்டயும் அந்த வாசக்டமி விஷயத்தைச் சொல்லிப் பாக்கட்டுமா?"