தினக்கூலிக்கும் பேறுகாலச் சம்பளம் உண்டு

மோதி பாக் அரசுக் குடியிருப்பில் இருக்கும் நம்மவர்களுக்குத் தெரிந்த கணக்கு இது: மத்திய அரசுப் பணியில் இரண்டு குழந்தைகள் வரை தாய்க்கு 180 நாள், தந்தைக்கு 15 நாள் விடுப்பு. தினக்கூலிப் பெண்களுக்கும் உரிமை உண்டு என்பதைப் பலர் அறியார்.

தில்லி மாநகராட்சியின் மஸ்டர் ரோல் பெண் தொழிலாளர் வழக்கில், 1961-ஆம் ஆண்டுப் பேறுகாலச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என 2000-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பத்துப் பேராவது வேலை பார்க்கும் நிறுவனத்தில், பிரசவத்திற்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் உழைத்திருந்தால் போதும். 2017 முதல் முதலிரு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளம். அதற்குமேல் 12 வாரம். 2025 நவம்பரில் நடப்புக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இந்த அளவுகள் மாறவில்லை.

எனவே சகோதரிகளே, வேலை செய்த நாட்களைக் குறித்து வையுங்கள். விடுப்பை எழுத்தில் கேட்டு, நகல் ஒன்றைப் பத்திரப்படுத்துங்கள்.