ஆயிரம் கோழிக்கு அரைக் காடையா?

கழக்கூட்டத்தில் காடை வளர்ப்பைப் பற்றி யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் முதலில் வருவது அந்த மலையாளப் பழமொழிதான்: ஆயிரம் கோழிக்கு அரைக் காடை. இதை நம்பி ஆஸ்துமாவுக்கும் குழந்தைகளின் சளிக்கும் காடை முட்டையைப் பச்சையாகவே உடைத்துக் கொடுக்கிறார்கள். ஆஸ்துமாவுக்கு அது மருந்தல்ல. இன்ஹேலரை நிறுத்திவிட்டு முட்டையை நம்புவது ஆபத்து. காடை முட்டையில் சால்மோனெல்லா கிருமி வராது என்பதும் பொய். கோழி முட்டையைப் போலவே இதையும் வேகவைத்துத்தான் தரவேண்டும். கோழி முட்டை ஒவ்வாத குழந்தைக்குக் காடை முட்டையும் ஒவ்வாமல் போகலாம்.

சத்து என்று பார்த்தால், 100 கிராமுக்குப் புரதம் இரண்டிலும் சுமார் 13 கிராம்தான். இரும்புச்சத்தும் பி12 வைட்டமினும் காடை முட்டையில் ஏறக்குறைய இரு மடங்கு. அது உண்மையான சிறப்பு. ஆனால் "கொலஸ்ட்ராலே இல்லை" என்ற விற்பனைப் பேச்சு நேர்மாறானது. 100 கிராமில் 840 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, கோழி முட்டையில் இருப்பதைவிட இரு மடங்குக்கும் அதிகம். ஒரு முட்டை பத்து கிராம்தான் என்பதால், எடையில் ஐந்து சேர்ந்தால் ஒரு கோழி முட்டைக்குச் சமம்.

வனத்துறை வந்து பிடிக்கும் என்ற பயம் வெறும் வதந்தியாகப் பிறந்ததல்ல. நம் வயல்வெளிகளில் ஓடும் காட்டுக் காடைகளுக்கு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. வீட்டில் வளர்ப்பது ஜப்பானியக் காடை. 1974-ல் கலிபோர்னியாவிலிருந்து உத்தரப் பிரதேசத்தின் இசத்நகருக்கு வந்தது. 2011-ல் மத்திய அரசு அதன் புதுப் பண்ணைகளுக்கும் தடை போட்டது, பிறகு விலக்கிக்கொண்டது. காட்டுக் காடையை வலை வைத்துப் பிடித்துக் கூண்டில் அடைப்பது இன்றைக்கும் குற்றம்தான்.

அதிகம் பேர் ஏமாறுவது குஞ்சு பொரிப்பதில். கூண்டின் மூலையில் வைக்கோல் போட்டால் தாய்க்காடை தானே அடைகாக்கும் என்று காத்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வளர்ப்புப் பறவையாகவே இருந்ததில் அந்தக் குணம் ஏறத்தாழ அற்றுப்போய்விட்டது. முட்டையிட்டுவிட்டு அதன்மேலேயே நடந்து போகும். ஆகவே இன்குபேட்டர் வேண்டும், அல்லது அடைக்கு உட்கார்ந்த சின்ன நாட்டுக்கோழி. கடையில் வாங்கிய முட்டையை வைத்துப் பயனில்லை. உண்பதற்கு விற்கும் முட்டைகளில் பெரும்பாலானவை சேவலே இல்லாத கூண்டுகளில் இட்டவை, கரு இருக்காது. இரண்டு மூன்று பெட்டைக்கு ஓர் ஆண் என்று விட்டு, ஏழு நாளுக்குள் சேர்த்த முட்டைகளை வையுங்கள். வெறும் முட்டை மட்டும் போதும் என்பவர்களுக்கு ஆண் காடையே தேவையில்லை.

விசிறி உள்ள இன்குபேட்டரில் 37.5 டிகிரி, 17 அல்லது 18 நாள். முதல் இரண்டு வாரம் தினமும் சில முறை திருப்பி, 15-ஆம் நாளோடு நிறுத்திவிட வேண்டும். ஈரப்பதம் முதலில் 55 முதல் 60 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70. "ஈரம் கூடக்கூட நல்லது" என்று எப்போதும் தட்டு நிறையத் தண்ணீர் வைப்பது கடலோரமான நம் ஊரில் பெருந்தவறு. இடவப்பாதி மழைக்காலத்தில் 28 டிகிரியில் 85 சதவீத ஈரத்தோடு இருக்கும் காற்று, இன்குபேட்டருக்குள் சூடேறும்போது தானாகவே சுமார் 50 சதவீதத்தில் நிற்கிறது. குறை கொஞ்சம்தான். முட்டையின் ஈரம் போதுமான அளவு வெளியேறாவிட்டால் உள்ளே காற்றறை சிறுத்துவிடும். வளர்ந்து முடிந்த குஞ்சு ஓட்டை உடைக்க முடியாமல் செத்துப்போகும். பத்து ரூபாய் தண்ணீர்த் தட்டைவிட ஒரு நல்ல ஈரப்பதமானிதான் இங்கே முக்கியம். துலாமழை இடியில் கரண்ட் போனால் பதறி மூடியைத் திறக்காதீர்கள். கனத்த போர்வையால் மூடிவைத்தால் ஓரிரு மணி நேரத்தைப் பெரும்பாலும் தாங்கிவிடும்.

பொரித்த குஞ்சின் எடை ஏழெட்டு கிராம். முதல் வாரம் 35 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், பிறகு வாரம் மூன்று டிகிரி குறைக்கலாம். கோழிக்குஞ்சுக்கு வைக்கும் தண்ணீர்த் தட்டில் இவை விழுந்து மூழ்கிப்போகும். கோலிக்குண்டுகளைப் போட்டு வையுங்கள். எறும்பு வராமல் கூண்டுக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்த வேண்டும். எலியும் மரநாயும் நுழையாத கம்பிவலை அவசியம். கூண்டு உயரமாக இருந்தால் பறவைக்கு வசதி என்று நினைக்கிறோம். மிரண்டால் காடை நேர்மேலே எம்பும். உயரம் இருந்தால் வேகம் பிடித்துத் தலை உடையும். பத்து அங்குலமே நல்லது.

மூன்றாம் வாரம் நெஞ்சு இறகைப் பாருங்கள். செம்பழுப்பு ஒரே நிறமாக இருந்தால் ஆண், கரும்புள்ளி இருந்தால் பெண். ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும், அதுவும் பெரும்பாலும் மாலையில். காலையில் கூண்டைப் பார்த்துவிட்டு மலட்டுக் காடை என்று விற்றுவிடாதீர்கள். அரிசியும் மீந்த சோறும் போட்டு வருடத்துக்கு 250 முட்டையை எதிர்பார்ப்பது நியாயமல்ல. முட்டைக் காடைக்கு 20 சதவீதத்துக்குக் குறையாத புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உள்ள தீவனம், நாளுக்கு 25 முதல் 30 கிராம், 14 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம். குஞ்சுக்குப் புரதம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

கடைசியாக, "காடைக்கு நோயே வராது." கோழியைவிடச் சில நோய்களைத் தாங்கும், அவ்வளவுதான். பறவைக் காய்ச்சல் காடையையும் தாக்கும். 2023 ஜனவரியில் நம் பக்கத்து அழூர் ஊராட்சியின் பெருங்குழியில் அது உறுதியாகி, சுற்றுவட்டாரத்து வளர்ப்புப் பறவைகளைக் கொன்று அப்புறப்படுத்த நேர்ந்தது. வாத்து, கோழியோடு காடையை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். காரணமில்லாமல் நான்கைந்து பறவை ஒன்றாகச் செத்தால், வெறுங்கையால் தொடாமல், தோட்டத்தில் புதைத்து மறைக்காமல், அன்றைக்கே அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லிவிடுங்கள்.