டிஜிட்டல் கையெழுத்து: சாவி எங்கே இருக்கிறது?

இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழோ சாதிச் சான்றிதழோ வாங்கியிருப்பீர்கள். தாசில்தார் பேனாவையே எடுக்காமல் அதில் கையெழுத்து இருக்கும். அது ஸ்கேன் பண்ணி ஒட்டின படம் இல்லை. ஒரு ரகசியச் சாவியை வைத்துப் போடுகிற கணக்கு. பிடிஎஃப்-ல் ஓர் எழுத்தை மாற்றினாலும் கணக்கு உதைக்கும்.

அந்தச் சாவி இன்னொருவர் கைக்குப் போனால்? அவர் போடுவதும் அசலாகவே தெரியும்.

சாவியை கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலாக வைத்தால் காப்பி எடுக்க ஒரு நொடி போதும். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினாலும், பயன்படுத்தும் நேரத்தில் அது நினைவகத்துக்கு வந்தே தீரும். 2014 ஏப்ரலில் வெளியான ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை இதைத்தான் காட்டியது. ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருள் ஓடிய சர்வர்களின் நினைவகத்திலிருந்து ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை வெளியாள் உருவ முடிந்தது. அதில் ரகசியச் சாவியும் சிக்கும் என்பது சோதனையில் நிரூபணமானது.

இதற்குத்தான் யூஎஸ்பி டோக்கன். பார்க்க பென் டிரைவ் மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே ஒரு சிப் உண்டு. சாவி அதற்குள்ளேயே உருவாகி அங்கேயே இருக்கும். கம்ப்யூட்டர் ஆவணத்தின் சுருக்கத்தை மட்டும் அனுப்பும். டோக்கன் கையெழுத்தைத் திருப்பித் தரும். பின் நம்பரை பல தடவை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும். நாள் முழுக்க வேலை செய்யும் சர்வர்களுக்கு இதன் பெரிய அண்ணன் இருக்கிறது: எச்எஸ்எம் என்ற தனிக் கருவி. ஆதார் சரிபார்ப்பு செய்யும் நிறுவனங்கள் சாவிகளை இதில் வைக்க வேண்டும் என்பது ஆதார் ஆணையத்தின் விதி.

ஆனால் சாவி வெளியே வராது என்பதால் மட்டும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2011-ல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்தில் எச்எஸ்எம் இருந்தது. உள்ளே நுழைந்தவர்களுக்கு சாவியைத் தூக்கிப் போக வேண்டிய அவசியமே வரவில்லை. சர்வரைப் பிடித்து, அதன் வழியாகவே 500-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கினார்கள். அதில் ஒன்று ஈரானில் ஜிமெயில் பயன்படுத்தியவர்களை வேவு பார்க்க உதவியது. நிறுவனம் அதே ஆண்டு திவாலானது.

நம்ம ஊரில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். ஜிஎஸ்டி, டெண்டர், கம்பெனி பதிவு என்று டோக்கன் வாங்குகிற பலர், அதை கணக்கு பார்ப்பவர் மேஜையிலேயே விட்டுவிடுகிறார்கள். கவர் மேலேயே பின் நம்பரும் எழுதியிருக்கும்! அந்தக் கையெழுத்துக்குச் சட்டப்படி பொறுப்பு உங்களுக்குத்தான். சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது அதற்கு உரியவரின் கடமை என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 42-வது பிரிவு.

வேலை முடிந்ததும் டோக்கனைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பின் நம்பர் வெளியே போயிருந்தால் இன்றே மாற்றுங்கள். டோக்கன் தொலைந்தால், சான்றிதழ் வழங்கிய நிறுவனத்திடம் தாமதிக்காமல் சொல்லி ரத்து செய்யுங்கள். நீங்கள் தகவல் சொல்லும் வரை பொறுப்பு உங்கள் தலையில்தான் இருக்கும்.