சோழவரத்தில் ஓடிய கார்கள்

சோழவரம் என்றால் நமக்கு ஏரிதான் ஞாபகம் வரும். சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் ஏரி என்று படித்திருக்கிறோம். ஆனால் அந்த ஊர் ஒரு காலத்தில் கார் பந்தயத்துக்கும் பேர்போனது. தெரியுமா உங்களுக்கு?

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அங்கே விமானம் இறங்க ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்தது. விமானம் போச்சு, தளம் மிஞ்சிருச்சு. நீளமாக, அகலமாக, நடுவில் ஒரு மரம்கூட இல்லாத இடம். பந்தயம் விட வேறென்ன வேண்டும்? 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே வருஷா வருஷம் பந்தயம் நடத்தியது.

கடையில் விற்கும் சாதாரணக் காரையே மாற்றி ஓட்டுவதை ஸ்டாக் கார் பந்தயம் என்பார்கள். அமெரிக்காவில் இதற்குப் பேர்போனது டேடோனா 500. 1959-ல் நடந்த முதல் பந்தயத்தில் ஜெயித்தது யார் என்று போட்டோ பார்த்து முடிவு சொல்லவே மூன்று நாள் ஆனது! ஜெயித்தவர் லீ பெட்டி.

நம்ம நாட்டில் அப்போது வெளிநாட்டுக் காரை இறக்குவது லேசில்லை. அதனால் சோழவரத்தில் அம்பாசடர், ஃபியட், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாம் ஓடின. கல்யாணத்துக்குப் போகிற கார் பந்தயத்துக்கு எப்படிப் போகும்? நம்ம அறிவியல் பாடத்தில் விடை இருக்கிறது. விசை = நிறை × முடுக்கம். 1000 கிலோ காரை 2000 நியூட்டன் விசை தள்ளினால் முடுக்கம் 2. தேவையில்லாத சீட்டு, கதவு அட்டை எல்லாம் கழற்றி 200 கிலோ குறைத்தால் அதே விசைக்கு 2.5. எஞ்சினைத் தொடாமலே வேகம் கூடிருச்சு பாருங்க! அப்புறம்தான் எஞ்சினுக்குள் கை வைப்பார்கள். கார் உருண்டாலும் ஓட்டுபவர் நசுங்காமல் இருக்க, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு வைத்து வெல்டிங் அடிப்பார்கள்.

இந்த வேலையெல்லாம் மெக்கானிக் வேலை. ஜெயித்தால் கோப்பையில் ஓட்டியவர் பேர்தான் இருக்கும். நம்மூர்ப் பட்டாசுப் பெட்டியில் கம்பெனி பேர் இருக்கும், திரி வைத்த கையின் பேர் இருக்காதே, அது மாதிரிதான். எனக்கு இது பிடிக்கவில்லை.

மெக்கானிக் வேலையும் ஓட்டும் வேலையும் சேர்ந்தே தெரிந்தவர் கோயம்புத்தூர் கரிவரதன். சோழவரத்தில் ஓட்டியவர். மாருதி 800 எஞ்சினை வைத்து, குறைந்த செலவில் ஒற்றை ஆள் உட்காரும் ஃபார்முலா மாருதி பந்தயக் கார் செய்தார். 1995-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவை செட்டிப்பாளையத்தில் 2003-ல் வந்த பந்தயத் தளத்துக்கு அவர் பேர்தான்.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்புக்கே சொந்தத் தளம் வந்தது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். சோழவரம் ஓய்ந்தது.

நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயம் ஸ்ரீபெரும்புதூரில், அந்த ஃபார்முலா மாருதியில்தான். 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 2010-ல் அமெரிக்கா போய், மார்ட்டின்ஸ்வில் தளத்தில் ஸ்டாக் கார் மாதிரியே செய்த டிரக்கை ஓட்டினார். அவ்வளவு பேரில் 13-வதாக வந்தார். முதல் தடவைக்கு இது நல்ல இடம்தான்னு நான் நினைக்கிறேன்.