கெட்டிமேளம் இல்லாத கல்யாணம்

சிதம்பரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “எட்டு வருஷமா கல்யாண வேலைதான் சார் பார்க்கிறேன். இப்பதான் முதல்தடவையா கடலூர்ல ஒரு சர்ச் கல்யாணம் கிடைச்சிருக்கு. கத்தோலிக்கக் குடும்பம். மறுநாள் ரிசப்ஷன் சிதம்பரத்துல. எதையெல்லாம் கவனிச்சுக்கணும்?”

தம்பி, இந்த எட்டு வருஷமும் உங்களை அறியாமலே நீங்கள் நம்பியிருந்த ஒருவர் இந்தக் கல்யாணத்தில் இருக்க மாட்டார். தவில்காரரைச் சொல்கிறேன். நம் மண்டபங்களில் ஐயர் விரலை ஆட்டிக் கெட்டிமேளம் என்றதும் தவில் முழங்கும், அட்சதையோடு கூட்டம் எழும். பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தாலும், பந்தியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாலும், அந்தச் சத்தம் உங்களைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்திவிடும். சர்ச்சுக்குள், அவர்கள் சொல்வதுபோல் கோயிலுக்குள், அப்படி ஒரு சத்தம் கிடையாது. ஃபாதர் தாலியை மந்திரிப்பார், தட்டு மாப்பிள்ளை பக்கம் நகரும், கயிறு கழுத்தில் ஏறும். எல்லாம் சேர்ந்து அரை நிமிஷம். கூட்டம் மூச்சுவிடுவது கேட்கும், அவ்வளவு அமைதி.

நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். ஃபிலிம் காலம், 36 படத்துக்கு ஒரு ரோல். இந்த மாவட்டத்துக் கோயில் ஒன்றில் என் முதல் சர்ச் கல்யாணம். நீளமாக ஜெபம் போகிறது, தாலிக்கு நேரம் இருக்கும் என்று நினைத்துக் குனிந்து ரோல் மாற்றினேன். நிமிர்ந்தபோது நாத்தனார் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வீட்டு ஆல்பத்தில் தாலி கட்டும் படம் இல்லை. ஆல்பத்தைக் கொடுத்த அன்று பெண்ணின் அம்மா அந்தப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குப் பிறகு, ஒத்திகைக்குப் போகாமல் ஒரு சர்ச் கல்யாணமும் நான் எடுத்ததில்லை.

ஆகவே ஒத்திகை. பெரும்பாலும் முந்தைய நாள் சாயங்காலம் வைப்பார்கள். “அதுக்கு எதுக்கு சார் நீங்க, அரை மணி நேரம்தான்” என்று வீட்டார் சொல்வார்கள். கூப்பிடாவிட்டாலும் போய்விடுங்கள், தனியாகக் காசு கேட்காதீர்கள். கேமராவைவிட ஒரு நோட்டும் பேனாவும் அங்கே முக்கியம். ஃபாதர் படிப்படியாகச் சொல்லிக்கொண்டு வருவார்: பவனி, வாசகங்கள், மறையுரை, அதற்குப் பிறகு திருமணச் சடங்கு. சம்மதம் கேட்கும் கேள்விகள், வலக்கைகளைச் சேர்த்துப் பிடித்து வாக்குக் கொடுப்பது, தாலியும் மோதிரமும் மந்திரிப்பது, தாலி கட்டுவது, மோதிரம் மாற்றுவது. பிறகு காணிக்கை, நற்கருணைப் பகுதி, இறுதி ஆசீர், கையெழுத்து. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஃபாதர் சொல்லும் கடைசி வாக்கியம் எது என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த வாக்கியம்தான் உங்களுக்குக் கெட்டிமேளம். நாளைக்கே சி.எஸ்.ஐ. வேலையோ, கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் சபை வேலையோ வரும். அங்கே ஃபாதர் இல்லை, போதகர்; அவரை ஐயர் என்பார்கள். பூசை இல்லை, ஆராதனை. பிரசங்கமும் பாட்டும் வேறு இடங்களில் வரும். ஒரு சபையின் வரிசையை மனப்பாடம் செய்துகொண்டு இன்னொரு சபைக்குப் போனால் அதே தவறுதான் நடக்கும்.

ஃபாதரிடம் மூன்று கேள்விகளை நேராகவே கேளுங்கள். நான் எந்தப் படி வரைக்கும் வரலாம்? ஃபிளாஷ் எப்போது கூடாது? எழுந்தேற்றத்தின்போது நான் எங்கே இருக்க வேண்டும்? முன்கூட்டிக் கேட்கிற படக்காரருக்கு அவர்கள் நிறைய விட்டுக்கொடுப்பார்கள். பெரும்பாலான மனத்தாங்கல், கேட்காமல் பீடத்தில் கால் வைப்பதால் வருகிறது. அப்பத்தையும் இரசத்தையும் உயர்த்தும் நேரம் அவர்களுக்குக் கல்யாணத்தைவிடப் பெரியது. மணி அடிக்கும், எல்லாரும் முழங்காலில் இருப்பார்கள். அப்போது கேமராவைத் தாழ்த்திவிட்டு நீங்களும் அசையாமல் இருங்கள். படம் வேண்டுமென்றால் மண்டியிட்ட கூட்டத்தைக் கடைசி வரிசைக்குப் பின்னாலிருந்து, சத்தமில்லாத ஷட்டரில், ஒன்றிரண்டு போதும்.

அடுத்து, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையைப் பிடியுங்கள். எந்த சுவிட்சுக்கு எந்த விளக்கு, கரண்ட் போனால் ஜெனரேட்டர் எத்தனை நிமிஷத்தில் ஓடும், பக்கத்துக் கதவு திறக்குமா, எல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஒருமுறை ஒரு பெரியவர் என்னைத் தூண் ஓரமாக நிறுத்தி, “தம்பி, காலையில ஒம்பது மணிக்கு வந்து இங்க நில்லுங்க, தெரியும்” என்றார். போனேன். கிழக்கு ஜன்னலின் கலர்க் கண்ணாடி வழியாக வந்த சிவப்பும் நீலமும் சரியாக மணமக்கள் நிற்கும் இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. வெள்ளைப் புடவையில் அது திட்டுத்திட்டாகச் சாயம் பூசிவிடும். முந்தைய நாள் சாயங்காலம் பார்த்தபோது அங்கே வெறும் டியூப்லைட் வெளிச்சம்தான். ஃபாதரிடம் சொன்னோம், இரண்டு நாற்காலியையும் மூன்றடி தள்ளிப் போட்டார்கள். எனவே ஒத்திகைக்கு ஒருமுறை, கல்யாணம் நடக்கும் அதே நேரத்துக்கு ஒருமுறை, இரண்டு தடவை போங்கள்.

நேரத்தைப் பற்றி இன்னொன்று. 1872-ஆம் ஆண்டின் இந்திய கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, தனி அனுமதி இருந்தாலொழிய, திருமணம் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் நடக்க வேண்டும். சாயங்காலக் கல்யாணம் என்றால் நான்கு, நாலரைக்குத் தொடங்குவார்கள். டிசம்பரில் நம் பக்கம் ஆறு மணிக்கு முன்னாலேயே சூரியன் விழுந்துவிடும். உள்ளே போகும்போது இருந்த பகல் வெளியே வரும்போது இருக்காது. வாசல்படியில் எடுக்க வேண்டிய குடும்பப் படத்துக்கு வெளிச்சத்தை முன்பே நிறுத்திவையுங்கள்.

இப்போது நிற்கும் இடம். மண்டபத்தில் மணமக்கள் கூட்டத்தைப் பார்த்து உட்காருவார்கள். கோயிலில் பீடத்தைப் பார்த்து நிற்பார்கள். நடுப்பாதையில் நின்றால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு முதுகு. பெண் பெரும்பாலும் மாப்பிள்ளையின் இடப்பக்கம் நிற்பார். வாக்குக் கொடுக்கும்போதும் தாலியின்போதும் இருவரும் ஒருவர் பக்கம் ஒருவர் திரும்புவார்கள். அப்போது மாப்பிள்ளை பக்கமாக, பீடத்துப் படிக்குக் கீழே, சற்றுக் குனிந்து நிற்பவருக்குப் பெண்ணின் முகம் கிடைக்கும். இன்னொருவரைப் பெண் பக்கம் நிறுத்துங்கள். அவருக்கு மாப்பிள்ளையின் முகமும் முடிச்சுப் போடும் கையும். இருவரும் மறையுரை முடிவதற்குள் இடத்துக்குப் போய்விட வேண்டும். அதன் பிறகு நடக்கவே கூடாது. அதற்குத்தான் 70-200 லென்ஸ்.

தாலி கட்டும்போது பெண்ணின் தலையில் நெட், அதன் கீழே பூ, கொண்டை. மாப்பிள்ளைக்குக் கயிறு எங்கே போகிறது என்றே தெரியாது. பின்னால் நிற்கும் நாத்தனார் நெட்டைத் தூக்கிப் பிடித்தால்தான் கை தெரியும். ஒத்திகையில் அந்தப் பெண்ணைத் தனியே கூப்பிட்டு, “நெட்டை ரெண்டு கையாலயும் மேல தூக்கிப் பிடிங்கம்மா, உங்க முகத்தையும் கொஞ்சம் பின்னால வெச்சுக்கங்க” என்று சொல்லி, ஒரு துண்டை வைத்துச் செய்துகாட்டுங்கள். இந்த ஒரு நிமிஷப் பேச்சு ஒரு லட்ச ரூபாய் லென்ஸைவிட உதவும். சிலுவையோ புறாவோ பதித்த தாலியைத் தட்டில் இருக்கும்போதே நெருக்கமாக எடுத்துவிடுங்கள். கழுத்தில் ஏறியபின் அது மாலைக்குள் மறைந்துவிடும்.

வெளிச்சம். பழைய கோயில்களின் கூரை மிக உயரம், ஃபிளாஷை மேலே அடித்தால் திரும்பி வராது. நேராக அடித்தால் வெள்ளைப் புடவை வெளிறிவிடும், பின்னால் பீடம் இருண்டுவிடும். ஐஎஸ்ஓ-வை 3200 வரை ஏற்றப் பயப்பட வேண்டாம். எல்இடி விளக்குகளை மட்டும் சோதித்துப் பாருங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மட்டமான எல்இடி நொடிக்கு நூறு தடவை துடிக்கும். ஷட்டரை 1/100-இல் வைத்தால் படத்தில் பட்டை விழாது. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில்தான் இந்தப் பட்டை அதிகம் வரும், அதையும் ஒத்திகையில் போட்டுப் பாருங்கள். கறுப்பு கோட்டும் வெள்ளைப் புடவையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் கேமராவின் கணக்கு குழம்பும். நீங்கள் முகத்தைப் பார்த்து அளந்து மேனுவலில் நிறுத்துங்கள், ரா ஃபைலாகவே எடுங்கள். கடலூர்க் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம். ஏசி காரிலிருந்து கேமராவை அப்படியே எடுத்தால் லென்ஸ் பனித்துவிடும். கால்மணி நேரம் பையை மூடியபடி கோயிலுக்குள் வைத்துவிட்டுப் பிறகு திறங்கள்.

பூசை முடிந்தவுடன் எல்லாரும் வாசலுக்கு ஓடுவார்கள், உங்கள் ஆட்களும் சேர்ந்துதான். ஓடாதீர்கள். பதிவேட்டில் கையெழுத்து போடும் இடத்துக்கு ஒருவர் போக வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு கதை உண்டு. சென்னைக் கோட்டையிலுள்ள புனித மரியா ஆலயம் 1680-இல் திறந்தபோது, அங்கே பதிவான முதல் திருமணம் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி எலிஹு யேலுடையது. பத்து வருஷம் கழித்து, 1690-இல், அவர் சென்னையில் ஆளுநராக இருந்தபோதுதான் நம் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கம்பெனி வாங்கியது. அந்தக் கோட்டையில் பின்னாளில் துணை ஆளுநராக இருந்த ராபர்ட் கிளைவும் 1753-இல் அதே ஆலயத்தில்தான் மணம் முடித்தார். அந்தக் கல்யாணங்களுக்கு ஒரு புகைப்படம் ஏது? பதிவேட்டு வரிதான் மிச்சம். ஆகவே பேனா பிடித்த கையை எடுங்கள். சாட்சிக் கையெழுத்து போடும் சித்தப்பா கண்ணாடியைத் தேடுவதை எடுங்கள். புதுப் பெயர்ச் சேர்க்கையை யோசித்துப் பேனாவை அந்தரத்தில் நிறுத்தும் பெண்ணை எடுங்கள். பக்கத்துக் கல்யாணங்களின் விவரம் படத்தில் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடும்பப் படங்களுக்கு இரண்டு வீட்டிலும் எல்லாருடைய முகமும் தெரிந்த ஒருவரைக் கேட்டு வாங்குங்கள். பட்டியலை முந்தைய நாளே எழுதுங்கள், வயதானவர்களை முதலில் எடுத்து உட்காரவிடுங்கள். பெற்றோரில் யாராவது இல்லாத வீடா என்பதையும் முன்னதாகவே, தனியாக, ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். “அப்பா எங்கம்மா, கூப்பிடுங்க” என்று கூட்டத்தின் நடுவில் நீங்கள் குரல் கொடுத்துவிடக் கூடாது. சில வீட்டார் கோயிலிலிருந்து நேரே கல்லறைக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு வருவார்கள். கூப்பிட்டால் போங்கள், தூரத்திலேயே நில்லுங்கள்.

ரிசப்ஷன் உங்களுக்குத் தெரிந்த வேலை, சுருக்கமாகச் சொல்கிறேன். மேடைக்குப் பின்னால் எல்இடி திரை வைத்தால் அதன் பிரகாசத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் மணமக்கள் நிழலாகத்தான் தெரிவார்கள். கேக் வெட்டும் மேஜை சுவரோடு ஒட்டியிருந்தால் முன்னால் இழுத்துப் போடச் சொல்லுங்கள். உங்கள் ஆட்கள் மாறி மாறிச் சாப்பிடட்டும். கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். வழியில் சில்வர் பீச், மறுநாள் பிச்சாவரம் என்று வெளிப்புறப் படத்துக்கு ஆசைப்படுவார்கள். களைத்த முகத்தோடு வேண்டாம், வேறு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

பட வேலையில் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். முகத்தை வெளுக்க வைக்காதீர்கள். வெள்ளைப் புடவைக்கு மேல் மாநிறமும் கறுப்பும் எவ்வளவு அழகாக நிற்கும் என்பதை அச்சில் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பெண் அவள் அம்மாவின் நிறத்தில் பிறந்தவள். நாளைக்கு அவள் பிள்ளை ஆல்பத்தைப் பார்த்து “இது யாரு?” என்று கேட்கக் கூடாது.

எடுத்தது தங்குவதற்கும் வழி செய்யுங்கள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தது. 2015-இல் வெள்ளம். இரண்டுக்கும் பிறகு ஊறி ஒட்டிப்போன ஆல்பங்களைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தவர்கள் பலர். பிரித்தால் இரண்டு பக்கத்து முகங்களும் சேர்ந்து உரிந்து வரும். நெகட்டிவ் இருந்தவர்களுக்கு மறுபடி போட்டுக் கொடுக்க முடிந்தது. இல்லாதவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதனால் கேமராவில் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதியுங்கள். அன்றிரவே இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றுங்கள். ஒன்று ஸ்டூடியோவில் இருக்கட்டும். இன்னொன்று திருச்சியிலோ சேலத்திலோ, கடல் எட்டாத ஊரில் ஒரு உறவினர் வீட்டு அலமாரிக்குப் போகட்டும். கரிஷ்மா ஆல்பம் அவர்கள் கைக்குப் போய், பிரித்துப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகு கார்டை அழியுங்கள்.