பழைய ஜீப்பும் கராச் சாத்திரமும்

1990களில் எரிபொருட் தடையினாற் பெற்றோல் அரும்பொருளாகிவிட்ட காலத்தில், ஒஸ்ரின் கார்களையும் மொறிஸ் மைனர்களையும் பழைய ஜீப்புகளையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்த யாழ்ப்பாணத்து மெக்கானிக்மாரின் சாமர்த்தியத்தை எவரும் மறுக்கமாட்டார். ஆயினும், அன்று நிர்ப்பந்தத்தாற் கைக்கொண்ட உபாயங்களும் அவற்றோடு வளர்ந்த அபிப்பிராயங்களும், இன்று வீட்டு முற்றத்திற் பழைய லாண்ட் றோவரொன்றைப் புதுப்பிக்க முற்படுபவருக்குச் சாத்திரமாகவே உபதேசிக்கப்படுகின்றன.

அலுமினிய உடம்பாகையால் லாண்ட் றோவர் துருப்பிடிக்காது என்பது முதலாவது சாத்திரம். 1948ஆம் ஆண்டு அம்ஸ்ரடாம் கண்காட்சியில் அவ்வாகனம் அறிமுகமானபோது, யுத்தத்திற்குப் பிந்திய பிரித்தானியாவில் உருக்கு பங்கீட்டில் இருந்தமையே அதற்கு அலுமினியக் கலவைத் தகடு வாய்த்ததற்குப் பிரதான காரணம். ஆனால் அத்தகடுகளைத் தாங்கும் சசியும், எஞ்சினுக்கும் சாரதிக்கும் இடையிலுள்ள சுவரும் உருக்கினாலானவை. கடலும் களப்பும் சூழ்ந்த இக்குடாநாட்டில், அதிலும் மணற்காட்டிலும் தொண்டைமானாற்றிலும் உப்புக்காற்றில் நின்ற வண்டியாயின், பெட்டிவடிவான சசி வெளியே உறுதியாகத் தோன்றிக்கொண்டே உள்ளிருந்து அரிக்கப்பட்டிருக்கும். உருக்கும் அலுமினியமும் தொடும் இடத்தில் உப்பீரம் சேர்ந்தால் அலுமினியமே முதலிற் கரைந்து வெண்பொடியாக உதிரும். ஆகவே வாங்குமுன் ஒரு சிறு சுத்தியலுடன் வண்டியின் கீழே படுத்து, சசியை முன்னிருந்து பின்வரை தட்டிக் கேட்பதே உத்தமம். பட்டி பூசி மினுக்கிய கதவுகளைப் பார்த்து விலைபேசுகிறவர் வர்ணத்தைத்தான் வாங்குகிறார்.

மண்ணெண்ணெய் எஞ்சினுக்குத் தீங்கு செய்யாது, அத்தனை வருடம் ஓடவில்லையா என்பது இரண்டாவது. ஓடியது உண்மை. அக்காலத்து எஞ்சின்களின் அழுத்தவிகிதம் ஏறக்குறைய 7க்கு 1 என்ற தாழ்ந்த அளவில் இருந்தமையால் அது சாத்தியமாயிற்று. பெற்றோலிற் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாறும் உழவு இயந்திரங்களை இங்கிலாந்துக் கம்பனிகளே அதற்கு முன்னர் செய்து விற்றதும் உண்டு. எனினும் முற்றாக ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரின் ஒயிலைக் கழுவிக்கொண்டு, ரிங்குகளைத் தாண்டி கீழிறங்கி எஞ்சின் ஒயிலுடன் கலந்துவிடுகிறது. தம் வண்டியில் ஒயில் குறைவதேயில்லை என்று பெருமை பேசிய சொந்தக்காரருட் சிலர், அளவுக்கோலில் ஏறிநின்றது மண்ணெண்ணெய் என்பதை அறியாதிருந்திருக்கக் கூடும். அப்படி ஓடிய எஞ்சின் கைக்கு வந்தால், வேறெதையும் தொடுமுன் சம்பைக் கழற்றி பெயரிங்குகளைப் பார்க்கவேண்டும்.

2002இல் ஈயங்கலந்த பெற்றோல் இலங்கையில் ஒழிந்தபின், பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகள் நிச்சயம் அழிந்துவிடும் என்ற பயமும் பரவலாக உண்டு. நெடுந்தூரம் அதிவேகமாய் ஓடும் வண்டிக்கு அப்பயம் நியாயமே. ஞாயிற்றுக்கிழமையில் பருத்தித்துறை வரை ஆறுதலாய்ப் போய்வரும் ஜீப்புக்கு அதனைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. மண்ணெண்ணெயிலும் ஈயம் இருந்ததில்லை என்பதை, அதிற் பல வருடம் ஓட்டியவர்களே ஏனோ நினைத்துப் பார்ப்பதில்லை.

இவையெல்லாவற்றிலும் என்னை அதிகம் வியப்பிலாழ்த்துவது, நம் கிணற்றுத் தண்ணீர் றேடியேற்றருக்கு நல்லதென்ற நம்பிக்கை. சுண்ணாம்புக்கல்லின் மீதமைந்த நிலத்தில் ஊறும் அந்நீர், தேநீர்க் கேத்திலின் அடியில் வெண்படலம் படியச் செய்வதை அன்றாடம் பிரத்தியட்சமாகக் காண்கிற நாமே, அதே நீரை எஞ்சினுள் ஊற்றிவிட்டு, வண்டி கொதிக்கிறதென்று வோட்டர் பம்பைக் குறைசொல்கிறோம். மாரியில் முதல் மழையை ஓடவிட்டு, பின்னர் பிடித்து வடித்த மழைநீரோ, பற்றறிக்கு ஊற்றும் வடிநீரோ, கடையில் விற்கும் துருத்தடுப்புக் கலவையுடன் சேர்த்து ஊற்றினாற் போதுமானது. ஏற்கெனவே படிந்து இறுகிய சுண்ணாம்புக்கு மட்டும் றேடியேற்றரைக் கழற்றி, மேற்தொட்டியின் ஈயப்பற்றை இளக்கித் திறந்து, குழாய்களினூடே கம்பி செலுத்தத் தெரிந்த ஒருவரைத் தேடிப் போகத்தான் வேண்டும்.